கான்கிரீட் சாலையின் மேற்பரப்பு, பிடிப்பு, இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட் நெடுஞ்சாலையில் கோடு கோடாகக் கீறியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கோடுகள்தான் மழையில் வண்டியை நிறுத்துகின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பதும் பல நேரம் அவைதான். சிவில் படிக்கும் மாணவர்கள், சாலை வேலையில் இருக்கும் தளப் பொறியாளர்கள், நெடுஞ்சாலை ஓரம் குடியிருப்பவர்கள் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. இந்தச் சிக்கலில் அதிகம் அடிபட்டு, அதிகம் அளந்து பார்த்த நாடு அதுதான்.

கான்கிரீட்டை வழவழவென்று முடித்தால் என்ன கெட்டுப்போகும்?

காய்ந்த சாலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மழை பெய்தால்தான் தெரியும். டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் படலமாக நிற்கிறது. டயர் உருண்டு வரும் அந்தக் கணப்பொழுதில் அது வெளியேறியாக வேண்டும். டயரில் உள்ள பள்ளங்கள் கொஞ்சம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், மீதியைச் சாலை வாங்கிக்கொள்ள வேண்டும். டயரும் தேய்ந்து சாலையும் வழவழப்பாக இருந்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை, வண்டி அதன் மேல் மிதக்கும்.

1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஓர் எளிய கணக்குக் கண்டார்கள். டயரின் காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 6.36 ஆல் பெருக்கினால் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் கிடைக்கும். கார் டயரில் 220 கிலோபாஸ்கல் (சுமார் 32 பிஎஸ்ஐ) இருந்தால் விடை மணிக்கு 94 கி.மீ. தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்புக்கான கணக்கு இது. ஆனால் முழுதாக மிதப்பதற்கு வெகு முன்னாலேயே பிடிப்பு படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும்.

சொரசொரப்பு என்றால் ஒரே ஒரு அளவுதானே?

இல்லை. இந்தத் துறையில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்த எண்ணத்திலிருந்துதான் வருகிறது.

உலகச் சாலைச் சங்கமான பியார்க் 1987-இல் வகுத்த பிரிவையே எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு மேடுகளுக்கு இடையிலான தூரத்தை, அதாவது அலைநீளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். 0.5 மி.மீக்குக் கீழே இருப்பது நுண் சொரசொரப்பு. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி உறுத்துவது இதுதான். 0.5 மி.மீ முதல் 50 மி.மீ வரை பெருஞ் சொரசொரப்பு. நாம் போடும் கோடுகள், தெரியும் ஜல்லி எல்லாம் இதில் அடங்கும். 50 முதல் 500 மி.மீ வரை உள்ளது மெகா சொரசொரப்பு. இதனால் யாருக்கும் நன்மை இல்லை, இரைச்சலும் அதிர்வும்தான் மிச்சம். அரை மீட்டருக்கு மேல் போனால் அது சாலையின் மேடுபள்ளம், பயணச் சுகத்தின் கணக்கு.

ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. நுண் சொரசொரப்பு கடைசியாக மிஞ்சும் மெல்லிய நீர்ப்படலத்தைக் குத்திக் கிழித்து ரப்பரைக் கல்லோடு ஒட்டவைக்கும். பெருஞ் சொரசொரப்பு தண்ணீர் ஓட வழி கொடுக்கும், ரப்பரை அமுக்கி நெளித்து அதன் ஆற்றலை உறிஞ்சும். குறைந்த வேகத்தில் முதலாவது போதும். வேகம் ஏற ஏற இரண்டாவது இல்லாமல் முடியாது.

நுண் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது?

மணலிலிருந்து. தார்ச் சாலையில் டயர் ஜல்லியைத் தொடுகிறது. கான்கிரீட்டில் முதலில் தொடுவது மேலே உள்ள சாந்தை. எனவே சாந்தில் இருக்கும் மணல் கெட்டியானதா, தேய்ந்தால் மெருகேறிவிடுமா என்பதுதான் கேள்வி. சிலிக்கா மணல் தாங்கும். சுண்ணாம்புக்கல்லை உடைத்துச் செய்த மணல் சில ஆண்டுகளில் மெருகேறி வழுக்கும். அதனால்தான் மணலை அமிலத்தில் போட்டு, கரையாமல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்-சாண்ட் பெரும்பாலும் கருங்கல்லிலிருந்து வருவதால் இந்தக் கவலை குறைவு. ஆனால் மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பூசி முடித்தால், நல்ல மணல் அடியில் போய்ப் பலவீனமான சிமெண்ட் பால் மேலே வந்துவிடும். அந்த இடத்தில் மணலின் தரத்தால் பயனில்லை.

கோடுகளை எப்படிப் போடுகிறார்கள்?

கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது ஈரச் சாக்கையோ செயற்கைப் புல்விரிப்பையோ மேலே இழுப்பது ஒரு வழி. எஃகுப் பற்கள் கொண்ட பெரிய சீப்பால் கீறுவது இன்னொரு வழி, இதை டைனிங் என்பார்கள். குறுக்காகவும் கீறலாம், வண்டி போகும் திசையில் நெடுக்காகவும் கீறலாம். மேல் சாந்து இறுகாமல் இருக்க மருந்து தெளித்து, பிறகு அதைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சிறு ஜல்லியை வெளியே தெரியவைப்பது மூன்றாவது வழி. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் பெல்ஜியமும் விரும்புவது இது.

இறுகிய பிறகும் செய்யலாம். வைர வட்டுகளை நெருக்கமாகக் கோத்த உருளையால் மேற்பரப்பைச் சீவுவது டைமண்ட் கிரைண்டிங். கலிபோர்னியாவில் ஐ-10 என்ற நெடுஞ்சாலையில் 1965-இல் முதன்முதலாகப் பெரிய அளவில் செய்தார்கள். அதே பரப்பைப் பின்னாட்களில் மறுபடியும் சீவிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சாண்ட் பேட்ச் சோதனையை எப்படிச் செய்வது?

பெருஞ் சொரசொரப்பின் ஆழத்தைக் கையால் அளக்கும் சோதனை இது. பெயர் மணல் என்றாலும் ஏஎஸ்டிஎம் ஈ 965 என்ற அமெரிக்கத் தர முறையில் இப்போது பயன்படுவது நுண்ணிய கண்ணாடி மணிகள். அளவு தெரிந்த மணியைச் சுத்தமான, காய்ந்த பரப்பில் கொட்டி, ரப்பர் ஒட்டிய வட்டத் தட்டால் சுழற்றிச் சுழற்றிப் பரப்ப வேண்டும். பள்ளங்கள் நிறைந்து, மேடுகளின் உச்சி மட்டத்துக்கு மணி வந்ததும் நிறுத்திவிட்டு, வட்டத்தின் விட்டத்தை நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். கன அளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் கிடைக்கும்.

25 மில்லிலிட்டர் மணி 200 மி.மீ விட்டத்துக்குப் பரவியது என்று வைத்துக்கொள்வோம். 25,000 கன மி.மீயை 31,416 சதுர மி.மீயால் வகுத்தால் சுமார் 0.80 மி.மீ. அதே மணி 180 மி.மீ விட்டத்தோடு நின்றுவிட்டால் ஆழம் 0.98 மி.மீ. விட்டத்தில் 20 மி.மீ மாறினால் விடையில் கிட்டத்தட்ட 0.2 மி.மீ மாறுகிறது. தட்டை எவ்வளவு அழுத்துகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். காற்றடித்தால் மணி பறக்கும். ஈரமிருந்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓர் இடத்தில் மட்டும் அளந்து கையெழுத்துப் போடுவதில் பொருளில்லை. ஒரே ஆள், ஒரே கருவி, பல இடங்கள் என்று செய்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

விலை குறைவு, எங்கேயும் செய்யலாம், செய்கிறவர் சாலையை மிக அருகில் குனிந்து பார்க்கிறார். இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

லேசர் வந்தபிறகும் மணி கொட்ட வேண்டுமா?

லேசர் வேகமானது, போக்குவரத்தை நிறுத்தாமலே அளக்கும். ஐஎஸ்ஓ 13473 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி 100 மி.மீ நீளத்துக்குச் சாலையின் குறுக்குவெட்டை எடுத்து, இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியின் உச்சி உயரத்தையும் சராசரியாக்கி, மொத்தச் சராசரி மட்டத்தைக் கழிக்கிறார்கள். இதுவே சராசரிக் குறுக்குவெட்டு ஆழம். இதை 0.8 ஆல் பெருக்கி 0.2 மி.மீ கூட்டினால் சாண்ட் பேட்ச் விடைக்கு நெருக்கமாக வரும் என்பது வழக்கமான மாற்றுக் கணக்கு.

ஆனால் கான்கிரீட்டில் ஒரு பெரிய வலை இருக்கிறது. நெடுக்காகக் கோடு போட்ட சாலையில் ஒற்றைப் புள்ளி லேசரை ஓட்டினால், புள்ளி கொஞ்ச நேரம் பள்ளத்துக்குள்ளேயே ஓடும், கொஞ்ச நேரம் மேட்டின் மேலேயே ஓடும். வண்டி சற்று விலகியதால் வந்த மாற்றத்தைக் கருவி சாலையின் தன்மை என்று எழுதிவிடும். இதற்குத்தான் ஏறத்தாழ 100 மி.மீ அகலத்துக்கு ஒரே வீச்சில் பார்க்கும் கோட்டு லேசர் வந்தது. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியக் கான்கிரீட் சாலைத் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வுத் திட்டத்தில் ரோபோடெக்ஸ் என்ற சிறு தானியங்கி வண்டி இப்படி ஒரு லேசரைச் சுமந்து சாலையை முப்பரிமாணத்தில் படம் எடுத்தது.

நின்ற இடத்தில் அளப்பதற்கு வட்டத் தட அளவி நல்ல கருவி. 284 மி.மீ விட்டமுள்ள வட்டத்தில் லேசர் சுழலும், வட்டத்தை எட்டுத் துண்டாகப் பிரித்து விடை சொல்லும். எல்லாத் திசையையும் பார்ப்பதால் கோட்டின் திசை அதை ஏமாற்றாது. நீங்கள் படிக்கும் அறிக்கையில் லேசர் எந்த வகை என்று எழுதியிருக்கவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பிடிப்பை நேரடியாக எப்படி அளப்பது?

கையில் எடுத்துப் போகக்கூடியது பிரிட்டிஷ் ஊசல் கருவி. நுனியில் ரப்பர் பட்டை கட்டிய ஊசலை விட்டால், நனைத்த பரப்பை உரசிக்கொண்டு மறுபக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று முள் காட்டும். இது மணிக்குச் சுமார் 10 கி.மீ வேகத்தில் வழுக்குவதற்குச் சமம். ஆகவே நுண் சொரசொரப்பைப் பற்றி மட்டும்தான் அது பேசும். ஊசல் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக 100 கி.மீ வேகச் சாலை பாதுகாப்பானது என்று முடிவுகட்டக் கூடாது.

அமெரிக்க மாநிலங்களில் வழக்கமான கருவி, பூட்டிய சக்கர இழுவண்டி. மணிக்கு 64 கி.மீ வேகத்தில், முன்னால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ஒரு சக்கரத்தை முழுதாகப் பூட்டி இழுத்து விசையை அளப்பார்கள். இதில் டயர்தான் சூட்சுமம். நீளவரிப் பள்ளமுள்ள சோதனை டயரைப் போட்டால், தண்ணீர் டயரின் பள்ளத்திலேயே வெளியேறிவிடும். சாலையில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை அதிகம் மாறாது. பள்ளமே இல்லாத மொட்டை டயரைப் போட்டால் தண்ணீர் சாலையின் கோடுகளை நம்பியே போக வேண்டும், குட்டு உடனே வெளிப்படும். பல ஆண்டுகளாக வரி டயரை மட்டும் வைத்து அளந்து, எல்லாச் சாலையும் நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்த இடங்கள் உண்டு. தேய்ந்த டயரோடு வரும் சாதாரண வண்டிக்காரரின் நிலை மொட்டை டயர் சொல்வதற்கே நெருக்கம். இரண்டு டயரிலும் அளப்பதுதான் நேர்மையான வேலை.

பிரிட்டனின் ஸ்க்ரிம் வண்டியில் சக்கரம் 20 பாகை திரும்பியபடி ஓடிப் பக்கவாட்டு விசையை அளக்கும். ஜப்பானிலிருந்து வந்த இயங்கு உராய்வு அளவி, மூன்று ரப்பர் துண்டுகள் ஒட்டிய வட்டைச் சுழற்றி நனைந்த பரப்பில் இறக்கும். வட்டு நிற்கும்வரை ஒவ்வொரு வேகத்திலும் உராய்வு என்ன என்று ஒரே ஓட்டத்தில் வரைபடம் கிடைக்கும். அதன் தடமும் அதே 284 மி.மீ வட்டம்தான். எனவே வட்டத் தட அளவியை வைத்த அதே இடத்தில் இதையும் வைத்துச் சோதிக்கலாம்.

இத்தனை கருவி, இத்தனை எண். எதை எதோடு ஒப்பிடுவது?

இந்தத் தலைவலிக்காகவே 1992-இல் பியார்க் பல நாட்டுக் கருவிகளைப் பெல்ஜியத்துக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டுவந்து ஒரே சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பன்னாட்டு உராய்வுக் குறியீடு. அதில் இரண்டு எண்கள் உண்டு. மணிக்கு 60 கி.மீ வழுக்கலில் உராய்வு எவ்வளவு என்பது ஒன்று. வேகம் கூடும்போது உராய்வு எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பது மற்றது. இரண்டாவது எண் முழுக்க முழுக்கப் பெருஞ் சொரசொரப்பிலிருந்து வருகிறது: சராசரிக் குறுக்குவெட்டு ஆழத்தை 89.7 ஆல் பெருக்கி 14.2 கூட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஆழம் 0.5 மி.மீ என்றால் இந்த எண் 59. வழுக்கும் வேகம் 20-லிருந்து 60 கி.மீக்கு ஏறும்போது உராய்வு ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆழம் 1 மி.மீ என்றால் எண் 104, அதே வேக ஏற்றத்தில் உராய்வில் 68 சதவீதம் மிஞ்சும். கோடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் ஆழம் கூடக் கூட நல்லதா?

ஓர் எல்லை வரை. அதற்கு மேல் பிடிப்பில் வரும் ஆதாயம் சிறிது, இரைச்சலில் வரும் நட்டம் பெரிது. சாந்து பலவீனமாக இருந்தால் ஆழமாகக் கீறிய கோட்டின் விளிம்புகள் உதிரவும் செய்யும்.

இரைச்சல் என்ஜினிலிருந்துதானே வருகிறது?

மெதுவாகப் போகும்போது ஆமாம். காரில் மணிக்குச் சுமார் 50 கி.மீ தாண்டிவிட்டால் டயரும் சாலையும் உரசும் ஒலியே மேலோங்கும். சாலையின் மேடுகள் டயரைத் தட்டி அதிரவைக்கின்றன. டயரின் பள்ளத்தில் மாட்டிய காற்று நசுங்கிப் பீறிட்டு வெளியேறுகிறது. டயரும் சாலையும் சேரும் ஆப்பு வடிவ இடைவெளி அந்த ஒலியை ஒலிபெருக்கிக் குழல் போலக் கூட்டிவிடுகிறது.

இங்கேதான் அலைநீளத்தின் முக்கியத்துவம் மறுபடி வருகிறது. அலைநீளம் சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள சொரசொரப்பு, காற்று மாட்டிக்கொள்ளாமல் வழிவிடுகிறது, இரைச்சல் குறைகிறது. பத்து மி.மீக்கு மேல் போனால் டயர் அடிவாங்குகிறது, இரைச்சல் கூடுகிறது. ஆக, சொரசொரப்பான சாலை சத்தம் போடும் என்ற பொதுப்பேச்சு பாதிதான் சரி.

வடிவமும் உண்டு. ஒரே 0.8 மி.மீ ஆழம், தட்டையான பரப்பில் கீழ்நோக்கி வெட்டிய பள்ளங்களாகவும் இருக்கலாம், மேல்நோக்கித் துருத்திய முட்டுகளாகவும் இருக்கலாம். சாண்ட் பேட்ச் இரண்டுக்கும் ஒரே எண் தரும். டயருக்கு முதலாவது அமைதி, இரண்டாவது சம்மட்டி.

குறுக்குக் கோட்டுச் சாலையில் மட்டும் ஏன் ‘வீ...ங்’ என்று ஊளைச் சத்தம்?

கோடுகள் சம இடைவெளியில் இருப்பதால். இடைவெளி 25 மி.மீ, வேகம் மணிக்கு 100 கி.மீ என்றால், டயர் ஒரு விநாடியில் சுமார் 1,110 கோடுகளைக் கடக்கிறது. அதாவது 1,110 ஹெர்ட்ஸில் ஒற்றைச் சுரம். டயர் இரைச்சல் இயல்பாகவே உச்சத்தில் இருப்பதும் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மொத்த டெசிபல் அதிகம் கூடாவிட்டாலும், ஒற்றைச் சுரம் காதை அறுக்கும். மக்கள் புகார் செய்வது பெரும்பாலும் இந்தச் சுரத்தைப் பற்றித்தான். டெசிபல் மீட்டரை மட்டும் பார்த்து ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று பதில் சொல்லும் அதிகாரி அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

மார்க்வெட் பல்கலைக்கழகமும் விஸ்கான்சின் போக்குவரத்துத் துறையும் பல மாநிலச் சாலைகளை அளந்து 2000-இல் அறிக்கை வெளியிட்டன. சம இடைவெளிக் குறுக்குக் கோட்டைக் கைவிடுங்கள், நெடுக்காகப் போடுங்கள், குறுக்காகத்தான் வேண்டுமென்றால் இடைவெளியைத் தாறுமாறாக மாற்றுங்கள் என்பது அதன் சாரம். தாறுமாறு என்றால் உண்மையிலேயே தாறுமாறாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இடைவெளிகளை மாற்றி மாற்றிப் போட்டால் சுரம் போகாது.

பீனிக்ஸ் நகரத்தில் என்ன நடந்தது?

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள கான்கிரீட் விரைவுச் சாலைகளில் குறுக்குக் கோடுகள் இருந்தன. குடியிருப்போரின் புகார் வலுத்தது. 2003-இல் மாநிலப் போக்குவரத்துத் துறை ‘அமைதிச் சாலை’ முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கி, சுமார் 115 மைல் நீளத்துக்கு, ஓர் அங்குலக் கனத்தில் ரப்பர் கலந்த தார்ப் பூச்சைக் கான்கிரீட்டின் மேல் போட்டது. சத்தம் நன்றாகவே குறைந்தது, மக்களும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்தப் பூச்சு வெயிலில் காய்ந்து, வெடித்து, பெயர்ந்தது. வயதாக ஆக அமைதியும் தேய்ந்தது. அடியிலிருந்த கான்கிரீட்டோ நல்ல வலுவோடு இருந்தது. 2020-களின் தொடக்கத்தில் அதே துறை பல இடங்களில் பழைய ரப்பர் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கான்கிரீட்டையே டைமண்ட் கிரைண்டிங் செய்து திறந்துவிட்டது. கான்கிரீட் என்றாலே சத்தம் என்று நினைத்திருந்த ஊரில், கோட்டின் வடிவத்தை மாற்றினால் போதும் என்று தெரிய இத்தனை ஆண்டுகள் ஆயின.

இரைச்சலை எங்கே நின்று அளக்க வேண்டும்?

யாருக்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாலையோரம் மைக்கை நட்டு, கடக்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பதிவது ஒரு முறை. உண்மைப் போக்குவரத்து கிடைக்கும், ஆனால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும். இழுவண்டிச் சக்கரத்தருகே மைக்கை வைத்து ஓட்டிக்கொண்டே அளப்பது ஐரோப்பிய வழக்கம். அமெரிக்காவில் ஓபிஎஸ்ஐ எனப்படும் ஒலிச்செறிவு முறை: காரின் பின் சக்கரத்துக்கு வெளியே, டயர் சாலையைத் தொடும் இடத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் அருகில், இரட்டை மைக் கொண்ட அளவிகளைத் தரையிலிருந்து 75 மி.மீ உயரத்தில் கட்டி, மணிக்கு 97 கி.மீயில் ஓட்டுவார்கள். இரட்டை மைக் என்பதால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியும். காற்றிரைச்சலும் பக்கத்து லாரியும் விடையைக் கெடுக்காது.

இந்த முறையில் கான்கிரீட் சாலைகள் ஏறத்தாழ 100 டெசிபலிலிருந்து 110 வரை பரந்து கிடக்கின்றன. பயந்துவிட வேண்டாம், இது டயருக்கு ஒட்டி அளந்தது, வீட்டு வாசலில் கேட்பது அல்ல.

3 டெசிபல் குறைந்தால் என்ன பெரிய மாற்றம்?

போக்குவரத்தைப் பாதியாகக் குறைத்ததற்குச் சமம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும்.

சத்தம் குறைத்தால் பிடிப்பும் போய்விடுமே?

இப்படித்தான் பலர் நம்புகிறார்கள், நான் இதை ஏற்கவில்லை. பிடிப்புக்கு வேண்டியது நல்ல மணலும் தண்ணீர் போக வழியும். அமைதிக்கு வேண்டியது மேல்பரப்பு தட்டையாக, சீராக இருப்பது. இரண்டும் ஒரே சாலையில் இருக்க முடியும்.

பர்டூ பல்கலைக்கழகத்தில் வளைந்த கான்கிரீட் மாதிரிகளின் மேல் டயரைச் சுழற்றும் கருவியில் பல வகைக் கிரைண்டிங்கைச் சோதித்தார்கள். பள்ளத்தின் அகலமும் இடைவெளியும்தான் சத்தத்தை முடிவுசெய்யும் என்பது முதலில் இருந்த எண்ணம். கிடைத்த விடை வேறு. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேடுகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, ஒன்று துருத்தி ஒன்று தாழ்ந்து இருக்கின்றனவா என்பதே பெரிய காரணம். அதிலிருந்து வந்த புதிய தலைமுறைக் கான்கிரீட் பரப்பில், முதலில் முழுப்பரப்பையும் மட்டமாகச் சீவிவிட்டு, பிறகு 3 மி.மீ அகலப் பள்ளங்களை 12.5 மி.மீக்கு ஒன்றாக நெடுக்கே வெட்டுகிறார்கள். 2007-இல் மினசோட்டாவின் எம்என்ரோடு சோதனைச் சாலையில் இதை முதலில் களத்தில் செய்தார்கள். கான்கிரீட் பரப்புகளில் மிக அமைதியானவற்றுள் இது ஒன்று. தண்ணீருக்கு வழியும் இருக்கிறது.

நெடுக்குக் கோடு இருசக்கர வண்டியை இழுக்காதா?

நெடுக்குப் பள்ளத்தில் ஓட்டும்போது கைப்பிடி லேசாக அலைவது போலத் தோன்றும், உண்மைதான். கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக நெடுக்குப் பள்ளம் இருக்கிறது. இந்த அலைவு ஓட்டுநரைத் தொந்தரவு செய்கிறதே தவிர வண்டியைக் கவிழ்ப்பதில்லை என்பதே அங்குள்ள அனுபவம். அகலம் 3 மி.மீக்குள் இருப்பது முக்கியம். இருசக்கர வண்டிகள் நிறைந்த இந்தியச் சாலைகளில் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

நான் தளப் பொறியாளர். வேலை நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே வரைபடம், ஒரே சீப்பு, ஆனால் காலையில் போட்ட பகுதிக்கும் மதியம் போட்ட பகுதிக்கும் பல டெசிபல் வித்தியாசம் வரலாம். ஐயோவா மையத்தின் அளவீடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: வகைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட, ஒரே வகைக்குள் இருந்த வித்தியாசம் பல நேரம் பெரிது.

ஆகவே நேரத்தைப் பாருங்கள். மேலே நின்ற தண்ணீரின் பளபளப்பு மறைந்ததும் கீற வேண்டும். முந்தினால் சாந்து குழைந்து, கோட்டின் இரு பக்கமும் வரப்பு எழும். அந்த வரப்புதான் பிறகு சத்தம் போடும். பிந்தினால் சீப்பு மேலே வழுக்கிக்கொண்டு போகும், ஆழம் வராது. வெயில் நேரத்தில் இந்த இடைவெளி மிகச் சிறியது, எனவே சீப்பு வண்டி, கான்கிரீட்டைப் பரப்பும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னாலேயே தயாராக நிற்கட்டும். பற்களில் ஒட்டிய சாந்தை அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள். கீறி முடித்ததும் தாமதிக்காமல், ஈரம் காய்ந்துவிடாமல் காக்கும் க்யூரிங் மருந்து அடியுங்கள், அது கோட்டின் உள்பக்கத்திலும் படட்டும். இல்லாவிட்டால் மேல் சாந்து வலுவிழந்து ஒன்றிரண்டு ஆண்டில் தேய்ந்துவிடும். மூட்டுகளில் அடைக்கும் சீலன்ட் சாலை மட்டத்துக்கு மேலே துருத்தக் கூடாது, அதிலும் ‘டக் டக்’ என்று தனிச் சத்தம் வரும். மறுநாள் காலை சாண்ட் பேட்ச் எடுக்கும்போது, காலையில் போட்ட பகுதியிலும் மதியம் போட்ட பகுதியிலும் தனித்தனியாக எடுத்து, எந்த நேரத்தில் கீறியது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.